படத்தில் விழும் வேண்டாத வெளிச்சம்: எங்கே பட்டுத் திரும்புகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

பெருந்துறைப் பக்கம் ஒரு கல்யாணம், விடியற்கால முகூர்த்தம். கொங்குக் கல்யாணங்களை நடத்திவைக்கும் அருமைக்காரப் பெரியவர் சடங்குகளை ஒவ்வொன்றாக நடத்திக்கொண்டிருந்தார். நான் மணமேடைக்கு நேர் எதிரே நின்று ஒன்றையும் விடாமல் எடுத்தேன். மாலையில் கணினியில் படங்களைத் திறந்தபோது மணப்பெண்ணின் கன்னத்தில் பச்சையாக ஒரு சிறு பொட்டு இருந்தது. அடுத்த படத்தில் அது அவள் தோளுக்குப் போயிருந்தது. அதற்கடுத்ததில் மாப்பிள்ளையின் மாலைக்குள் இருந்தது. கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில்தான் கோளாறு என்று முடிவுகட்டி கேமராவைச் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். சுத்தம் செய்து பணமும் வாங்கிக்கொண்டார்கள். பொட்டு மட்டும் போகவில்லை.

பல நாள் கழித்து அதே படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. மேடையின் வலது மூலையில் வீடியோக்காரர் உயர்த்திப் பிடித்திருந்த விளக்கு எல்லாப் படங்களிலும் இருந்தது. விளக்கு மேலே வலப்புறம் இருந்தால் பொட்டு கீழே இடப்புறம். விளக்கு படத்தின் நடுவை நெருங்கினால் பொட்டும் எதிர்ப்பக்கத்திலிருந்து நடுவை நெருங்கியது. விளக்குக்கும் பொட்டுக்கும் கோடு போட்டால் கோடு சரியாகப் படத்தின் மையம் வழியாகப் போனது. லென்ஸைக் காப்பாற்ற அதன் முன்னால் நான் மாட்டியிருந்த மலிவான கண்ணாடி பில்டர்தான் காரணம். அதைக் கழற்றியதும் பொட்டு மறைந்தது.

கேமராவில் வேண்டாத வெளிச்சம் தெரிந்தால் செட்டிங்கை மாற்றுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வெளிச்சம் எந்தப் பரப்பில் பட்டுத் திரும்புகிறது? லென்ஸுக்குள்ளா, லென்ஸுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியிலா, காற்றில் மிதக்கும் தூசியிலா, எடுக்கும் பொருளிலா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. இடம் தெரியாமல் செய்கிற வைத்தியத்தில்தான் நேரமும் காசும் வீணாகின்றன.

படி 1: இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகள்

முதல் சோதனைக்கு உங்கள் உள்ளங்கை போதும். வெயிலில் கண்ணுக்கு மேலே கை வைத்துப் பார்ப்பது போல, லென்ஸின் மேல் கையின் நிழல் விழும்படி பிடியுங்கள். கை படத்துக்குள் வரக் கூடாது. திரையில் உடனே நிறம் அழுத்தமாகி வெளுப்பு மறைந்தால் வெளிச்சம் நேராக லென்ஸில் அடித்து உள்ளே சிதறுகிறது என்று அர்த்தம். எந்த மாற்றமும் இல்லை என்றால் சிக்கல் பெரும்பாலும் எதிரே இருக்கும் பொருளில் இருக்கிறது. ஒளி விளக்கே படத்துக்குள் இருந்தால் மட்டும் இந்தச் சோதனை உதவாது.

இரண்டாவது, கேமராவைச் சற்றே திருப்பி மறுபடி எடுங்கள். புள்ளி நகர்ந்தால் அது எதிரொளி. படத்தின் அதே இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் சென்சாரில் தூசியோ பழுதான பிக்சலோ இருக்கலாம். தூசி கருப்பாகத் தெரியும், லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையை (அபெர்ச்சர்) சிறிதாக்க ஆக்கத் தெளிவாகும்.

மூன்றாவது, லென்ஸ் இருக்கும் இடத்தில் உங்கள் கண்ணை வைத்துப் பாருங்கள். பளபளப்பு கண்ணுக்கே தெரிந்தால் அது பொருளில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் கேமராவுக்கு மட்டும் தெரிந்தால் கேமராவுக்குள் இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து பார்க்காதீர்கள், லென்ஸ் இருக்கும் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். ஒரு சாண் தள்ளிப் பார்த்தாலே எதிரொளி இடம் மாறிவிடும்.

படி 2: படம் முழுக்க வெளுத்துப் போயிருந்தால்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளுக்குப் பின்னால் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் சாயும் சூரியனை எடுப்பவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள்: கண்ணுக்கு அத்தனை அழகாக இருந்தது படத்தில் சாம்பல் பூத்துக் கிடக்கும். அது காற்றில் உள்ள மூட்டமா, லென்ஸின் வெளுப்பா என்று பிரிக்க ஒரு வழி உண்டு. மூட்டம் என்றால் தூரத்து மலைதான் வெளுக்கும், பக்கத்துத் தென்னையின் அடிமரம் கருமையாகவே இருக்கும். லென்ஸில் சிதறிய வெளிச்சம் என்றால் பக்கத்து மரமும் சேர்ந்து வெளுக்கும்.

லென்ஸ் சிதறல் என்று தெரிந்தால் முதல் வேலை துடைப்பது. கண்ணாடியில் ஒரு விரல்ரேகை இருந்தாலே போதும், எதிர்வெயிலில் அது படம் முழுக்கப் பரவிவிடும். ஊதுபந்தால் தூசியை ஊதித் தள்ளிவிட்டு, பிறகு மைக்ரோபைபர் துணியால் நடுவிலிருந்து வெளிநோக்கி வட்டமாகத் துடையுங்கள். தூசியோடு சேர்த்துத் துடைத்தால் மணல் கோடு போடும். வேட்டி நுனியும் சட்டை நுனியும் இந்த வேலைக்கு ஆகாது. கைப்பேசியில் தெருவிளக்கிலிருந்து நீண்ட கோடு ஒன்று குறுக்கே ஓடினால், அந்தக் கோட்டுக்குச் செங்குத்தான திசையில் லென்ஸில் ஓர் எண்ணெய்ப் பூச்சு இழுபட்டிருக்கிறது. பையில் வைத்து எடுக்கும் கைப்பேசியில் இது தினசரி விஷயம்.

துடைத்தும் போகவில்லை என்றால் லென்ஸைக் கழற்றிப் பின்புறத்திலிருந்து டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. மழைக்காலத்தில் பையை மூடியே வைத்திருப்பவர்களுக்கு இது வரும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் வராமல் தடுக்கலாம். வந்துவிட்டால் லென்ஸைப் பிரிக்கத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

அடுத்தது ஹுட், அதாவது லென்ஸின் முனையில் மாட்டும் வளையம். லென்ஸோடு வந்த ஹுட்டைத் திருப்பி மாட்டியபடியே படமெடுப்பவர்களைத் திருவிழாக்களில் நிறையப் பார்க்கிறேன். அப்படி மாட்டுவது பையில் வைப்பதற்கு மட்டும்தான். ஹுட்டின் வேலை லென்ஸுக்கு நிழல் தருவது. ஜூம் லென்ஸின் ஹுட் அதன் அகலமான கோணத்துக்கு அளவெடுத்துச் செய்தது என்பதால் நீளமாக இழுக்கும்போது அதன் நிழல் போதாது. அப்போது கையையோ தொப்பியையோ ஒரு கருப்பு அட்டையையோ சேர்த்துப் பிடியுங்கள். கூட வந்தவர் குடை பிடித்தாலும் சரி. இரண்டடி நகர்ந்து ஒரு கம்பத்தின் நிழலில் நின்றாலும் சரி.

படி 3: பச்சைப் பொட்டு, சிவப்புப் புள்ளி, தலைகீழ் விளக்குகள்

பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஒரு பில்டருக்கு இரண்டு பரப்புகள். ஒரு ஜூம் லென்ஸுக்குள்ளோ பதினைந்து கண்ணாடிகள் கூட இருக்கும். ஜெர்மனியின் ஸெய்ஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா 1935-ல் எதிரொளியைக் குறைக்கும் மெல்லிய பூச்சைக் கொண்டுவந்த பிறகுதான் இத்தனை கண்ணாடிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கித் தெளிவான படம் எடுக்க முடிந்தது. இன்றைய நல்ல பல அடுக்குப் பூச்சில் ஒரு பரப்பிலிருந்து திரும்புவது அரை சதவீதத்துக்கும் குறைவு. உங்கள் விலையுயர்ந்த லென்ஸில் அந்தப் பூச்சு இருக்கிறது. அதன் முன்னால் மாட்டிய மலிவுக் கண்ணாடியில் இருக்காது. சென்சாரில் விழுந்த வெளிச்சத்தில் ஒரு பங்கு பின்னோக்கித் திரும்பி, தட்டையான பில்டரில் முட்டி, மறுபடி சென்சாருக்கே வருகிறது. அதனால்தான் மையத்துக்கு எதிர்ப்புறத்தில் தலைகீழாக உட்கார்கிறது.

மாரியம்மன் கோயில் திருவிழாவில் சீரியல் செட் போட்ட கோபுரத்தை இரவில் எடுத்துப் பாருங்கள். கறுத்த வானத்தில் இன்னொரு கோபுரம் தலைகீழாக மங்கலாகத் தொங்கினால் பில்டரைக் கழற்றிவிட்டு எடுங்கள். இரவில் பில்டர் தேவையே இல்லை. பகலிலும் நான் அதைத் தூசிக்கும் தண்ணீருக்கும் மட்டுமே மாட்டுகிறேன்.

பில்டர் இல்லாமலும் பொட்டு வந்தால் அது லென்ஸின் உள்கண்ணாடிகளுக்கு இடையே நடக்கும் எதிரொளி. விளக்கைப் படத்தின் ஓரத்திலிருந்து சற்று உள்ளேயோ முழுக்க வெளியேயோ தள்ளுங்கள். விளிம்பில் நிற்கும் விளக்குதான் அதிகம் தொல்லை தருகிறது. துளையை மாற்றினால் பொட்டின் உருவமும் மாறும்: அகலத் திறந்தால் பெரிய மங்கல் வட்டம், சிறிதாக்கினால் சின்னக் கூர்மையான புள்ளி. உள்ளே முகக்கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் சூரியனைச் சுற்றிக் கட்டம் கட்டமாகச் சிவப்புப் புள்ளிகள் வந்தால் எஃப் 16-லிருந்து எஃப் 8-க்கோ 5.6-க்கோ வாருங்கள் (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்), பெருமளவு அடங்கிவிடும். விளக்கைச் சுற்றி நட்சத்திரம் போல் கதிர்கள் வருவது வேறு விஷயம். அது துளையின் இதழ்களில் ஒளி வளைவதால் வருவது, துடைத்தால் போகாது.

பெரும்பாலான கைப்பேசிகளில் துளையும் மாறாது, ஹுட்டும் கிடையாது. லென்ஸின் மேல்கண்ணாடியைத் துடையுங்கள், மேலே ஒட்டிய கூடுதல் கண்ணாடியைப் பிய்த்தெடுங்கள், விளக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்து அதன் எதிர்மூலையில் முகம் வராமல் சட்டகத்தை மாற்றுங்கள். பச்சைப் பொட்டு வரத்தான் வரும். அது பின்னால் தொங்கும் திரைமேல் விழட்டும், குழந்தையின் கண்ணில் விழ வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: மேடையில் சுழலும் லேசர் விளக்குகள் நேராக லென்ஸுக்குள் அடித்தால் சென்சாரே நிரந்தரமாகப் பழுதாகலாம். அந்த நேரத்தில் கேமராவைத் தாழ்த்திவிடுங்கள்.

படி 4: காற்றில் மிதக்கும் வெள்ளை வட்டங்கள்

நூற்பாலைக்குள் படமெடுத்தவர்களுக்கு இது தெரியும். கண்ணுக்குத் தெரியாத பஞ்சுத் துகள் காற்றில் மிதக்கும். பிளாஷ் அடித்ததும் படம் முழுக்கப் பனி பெய்த மாதிரி வெள்ளை வட்டங்கள். ஈரோட்டில் மஞ்சள் மெருகேற்றும் இடங்களிலும், கவுந்தப்பாடிப் பக்கம் வெல்லம் காய்ச்சும் கொட்டகையின் ஆவியிலும், தூறலிலும் இதே கதை. லென்ஸுக்கு மிக அருகில் இருக்கும் துகள் பிளாஷ் வெளிச்சத்தை நேராகத் திருப்புகிறது. அருகில் இருப்பதால் குவியம் விலகிப் பெரிய வட்டமாகத் தெரிகிறது. இதை ஆவி என்று சொல்லி அனுப்புகிறவர்களிடம் இந்த விளக்கத்தைச் சொல்லுங்கள்.

கேமராவின் மேலுள்ள பிளாஷை அணைப்பதுதான் முதல் மருந்து. கட்டாயம் வேண்டும் என்றால் அதைக் கழற்றிக் கை நீளத்துக்குப் பக்கவாட்டில் தள்ளிப் பிடியுங்கள். லென்ஸுக்கு முன்னால் உள்ள காற்றில் வெளிச்சம் படக் கூடாது, பொருளின் மேல் மட்டும் பட வேண்டும்.

படி 5: கண்ணாடி வழியாக எடுக்கும்போது

மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி மலை ரயிலில் ஏறுபவர்கள் ஜன்னல் கண்ணாடி வழியாக எடுத்த படத்தில் காடும் இருக்கும், சொந்தச் சட்டையும் இருக்கும். கண்ணாடியைத் திறக்க முடிந்தால் திறந்துவிடுங்கள், கையையும் கேமராவையும் மட்டும் வெளியே நீட்டாதீர்கள். முடியாவிட்டால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். ரப்பர் ஹுட் இருந்தால் நன்று, இல்லையென்றால் ஒரு கருப்புத் துணியால் இடைவெளியைச் சுற்றி மூடுங்கள். உள்ளிருந்து வரும் வெளிச்சம் லென்ஸுக்கு எதிரே உள்ள கண்ணாடியில் படாவிட்டால் எதிரொளி இருக்காது. கடை ஷோகேஸ், மீன் தொட்டி, அருங்காட்சியகப் பேழை எல்லாவற்றுக்கும் இதே வழி.

ஒட்ட முடியாத இடத்தில் போலரைசர் உதவும். ஒரே தளத்தில் அதிரும் வெளிச்சத்தைத் தடுக்கும், திருப்பக்கூடிய பில்டர் அது. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஒரு குறிப்பிட்ட சாய்வில் ஒரே தளத்தில் அதிரத் தொடங்கும். செங்குத்திலிருந்து அந்தச் சாய்வு கண்ணாடிக்குச் சுமார் 56 டிகிரி, தண்ணீருக்குச் சுமார் 53 டிகிரி. அதாவது ஆழியாறு நீர்ப்பரப்பையோ குளத்தின் அடியில் கிடக்கும் கூழாங்கல்லையோ எடுக்கும்போது நேராகக் கீழே பார்த்தால் போலரைசருக்கு வேலை இல்லை. தண்ணீரோடு முப்பத்தேழு டிகிரி அளவில் சாய்ந்து பார்த்து, பில்டரை மெல்லத் திருப்புங்கள். ஓர் இடத்தில் பளபளப்பு மறைந்து அடிமண் தெரியும். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாகக் குறைவது) என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கார் ஜன்னலின் கடினமாக்கிய கண்ணாடி வழியாகப் போலரைசரில் எடுத்தால் வானவில் திட்டுகள் வரும். அங்கே கழற்றிவிடுங்கள்.

படி 6: மண்டபத்தில் நெற்றியும் மூக்குக்கண்ணாடியும்

மேடைக்குப் பின்னால் பளபளக்கும் பிளெக்ஸ் அல்லது எல்.இ.டி. பேனல் இருந்தால் அதை ஒரு பெரிய முகம் பார்க்கும் கண்ணாடி என்று நினைத்துக்கொள்ளுங்கள். நேர் எதிரே நின்று பிளாஷ் அடித்தால் நேராகத் திரும்பும். இரண்டு மூன்றடி பக்கவாட்டில் நகர்ந்தால் வெளிச்சம் மறுபக்கம் போய்விடும்.

மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர்களுக்கு விளக்கை உயர்த்தி ஒரு பக்கமாக வையுங்கள். கண்ணாடியின் கம்பிகளைக் காதின் மேல் அரை விரற்கடை தூக்கி வைக்கச் சொன்னால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து எதிரொளியை நெஞ்சுப் பக்கம் தள்ளிவிடும். தாடையைச் சற்றுத் தாழ்த்தினாலும் ஆகும். கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். நாற்பது வருடம் அணிந்தவரின் முகம் அது இல்லாமல் வேறு முகமாகிவிடும்.

ஹோமப்புகையில் வியர்த்த நெற்றிக்குத் துண்டுதான் முதல் தீர்வு. பிறகு பிளாஷை வெள்ளைச் சுவரிலோ குடையிலோ அடித்து எடுங்கள். பெரும்பாலான மண்டபங்களில் கூரை மிக உயரம், அதில் அடித்தால் வெளிச்சம் கீழே வந்து சேராது. பந்தலில் கட்டிய வண்ணத்துணியில் அடித்தால் அந்த வண்ணமே முகத்துக்கு வரும்.

படி 7: சேலத்துக் கொலுசு

இதைத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லாரும் தோற்கிறார்கள். சேலத்தில் வெள்ளிக் கொலுசு செய்பவர்கள் இப்போது கைப்பேசியிலேயே படம் எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்புகிறார்கள். பாதி கொலுசு வெள்ளையாக எரிந்துபோய், பாதி கறுத்து, நடுவே படமெடுத்தவரின் விரல்கள் தெரியும். போலரைசர் வாங்கினால் சரியாகுமா என்று கேட்பார்கள். ஆகாது. கண்ணாடியும் தண்ணீரும் போல உலோகம் ஒளியைத் தளப்படுத்துவதில்லை.

வெள்ளிக்கு என்று தனி நிறம் கிடையாது, சுற்றியிருப்பதைத்தான் அது காட்டும். ஆகவே எதிரொளியை ஒழிக்க முயலாமல், வெள்ளி எதைக் காட்ட வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யுங்கள்.

ஒரு மேசையை ஜன்னலோரம் போடுங்கள். வீட்டு விளக்குகளை அணையுங்கள். கொலுசின் மேலே ஒரு முழ உயரத்தில் வெளுத்த வேட்டியை நான்கு முனைகளிலும் கட்டுங்கள், சலவை நீலம் படியாத வேட்டி. அதன் மேலிருந்து ஒரு விளக்கை வையுங்கள். விளக்கு வேட்டியைத் தொடுமளவு நெருங்கினால் நடுவில் மட்டும் வெளிச்சம் குவிந்து ஒரு பளிச்சென்ற புள்ளி தெரியும், ஆகவே சற்று உயர்த்துங்கள். இப்போது கொலுசின் முத்துகள் ஒவ்வொன்றும் வேட்டியின் வெண்மையையே காட்டும். ஆனால் எல்லாம் வெள்ளையாகி உருண்டை தட்டையாகத் தெரியும். அங்கேதான் கருப்பு அட்டை வேண்டும். இரண்டு விரல் அகலத்தில் இரண்டு துண்டுகளைக் கொலுசின் இருபுறமும் படத்துக்கு வெளியே நிறுத்துங்கள். ஒவ்வொரு முத்தின் ஓரத்திலும் மெல்லிய கருங்கோடு ஓடும். திருகும் கொக்கியும் சலங்கையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து நிற்கும். அட்டையை ஒரு விரற்கடை நகர்த்தினால் கோடு தடிக்கும், மெலியும். அதை ஆற அமரப் பாருங்கள். இந்த வேலையில் நிறைவு தரும் இடம் அதுதான்.

வேட்டிக்குத் துளை போட்டு லென்ஸை அதன் வழியே விடலாம். அல்லது பக்கவாட்டில் சாய்ந்து எடுக்கலாம். மஞ்சள் சட்டையோடு போகாதீர்கள். ஒருமுறை என் மஞ்சள் சட்டை ஒரு சோடிக் கொலுசைத் தங்கமுலாம் பூசியது போல் காட்டிவிட்டது. அன்று முதல் கருப்புச் சட்டைதான். பித்தளைக் குத்துவிளக்கு, எவர்சில்வர் பாத்திரம், கிரைண்டரின் உருளை எல்லாவற்றுக்கும் இதே முறை.

படி 8: சட்டம் போட்ட பழைய படத்தைப் பிரதி எடுக்க

காங்கேயத்துப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் தன் மாமனாரின் படத்தை மடியில் வைத்துக் கொண்டுவந்தார். கறுப்பு வெள்ளை, கண்ணாடி போட்ட சட்டம். வேறு எங்கோ பிரதி எடுத்திருந்தார்கள். "பாருங்க தம்பி, மாமாவின் முகத்தில் ஜன்னல் கம்பி தெரிகிறது" என்றார். பெரியவரின் இடது கண்ணின் மேல் நாலு கம்பி ஓடியிருந்தது.

கண்ணாடியைப் பிரித்தெடுப்பது எளிது என்று தோன்றும். ஆனால் பழைய படத்தின் தாள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் முகமே கிழிந்து வரும். சந்தேகம் இருந்தால் பிரிக்காதீர்கள். படத்தைச் சுவரில் நேராக நிறுத்தி, கேமராவைச் சரியாக நடுவில் முக்காலியில் வையுங்கள். ஒரே மாதிரியான இரண்டு விளக்குகளைப் படத்துக்கு 45 டிகிரியில் இருபுறமும் வையுங்கள். படும் கோணமும் திரும்பும் கோணமும் சமம் என்பதால் வெளிச்சம் எதிர்ச் சுவர்களுக்குப் போய்விடும், கேமராவுக்கு வராது. ஜன்னல்களைப் போர்வையால் மூடுங்கள்.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கும்: கேமராவும் நீங்களும். கருப்புத் துணியின் நடுவே லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் பின்னால் முழுவதும் மறைந்துகொள்ளுங்கள். முக்காலியின் பளபளக்கும் கால்களையும் மூடுங்கள். கைவிரலால் அழுத்தாமல் இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். அந்த அம்மாளிடம் திரையில் பெரிதாக்கிக் காட்டியபோது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பெரியவரின் காதிலிருந்த கடுக்கனைத்தான் முதலில் தொட்டார். அதை அவர் அதுவரை படத்தில் கவனித்ததே இல்லையாம்.

படி 9: கடைசியாகத்தான் மென்பொருள்

சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா வடிவத்தில் எடுத்திருந்தால் வெளுப்பை ஓரளவு மீட்கலாம், பச்சைப் பொட்டை அழிக்கலாம். வெள்ளையாக எரிந்துபோன இடத்தில் மீட்க ஒன்றும் இருக்காது. கன்னத்தில் விழுந்த பொட்டை அழிக்கும்போது தோலின் நுண்துளைகளும் சேர்ந்து போகும். அருகில் பார்ப்பவருக்கு அது பூசி மெழுகியது தெரியும்.

சூரியனே படத்துக்குள் வேண்டும் என்றால் மட்டும் மென்பொருளை முன்கூட்டியே திட்டமிடுங்கள். பவானிக் கூடுதுறையில் காவிரிக்கு அப்பால் சூரியன் எழும்போது கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, எக்ஸ்போஷரைக் கையால் பூட்டி, இரண்டு படங்கள் எடுங்கள். ஒன்று சாதாரணமாக. மற்றொன்று கையை நீட்டிக் கட்டைவிரலால் சூரியனை மட்டும் மறைத்து. இரண்டாவது படத்தில் பொட்டுகளும் வெளுப்பும் இருக்காது, விரல் மட்டும் இருக்கும். கணினியில் இரண்டையும் அடுக்கி, விரல் உள்ள இடத்தில் மட்டும் முதல் படத்தைத் தெரியவிடுங்கள். கண்ணாடி வழியாகப் பார்க்கும் வ்யூபைண்டர் என்றால் சூரியனை அதன் வழியே நேராகப் பார்க்காதீர்கள், திரையில் பாருங்கள். அலைகள் இரண்டு படத்திலும் ஒன்றாக இருக்காது என்பதால், விரலைத் தண்ணீரின் மேல் வராமல் வானத்துப் பக்கமிருந்தே இறக்குங்கள்.